இரண்டு தட்டு

நாடக அரங்கில் அவரைப் பாதாளம் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருடமாக மேடைக்கு அடியிலேயே வேலை பார்க்கிறவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? ஆள் ஆறடி, அங்கே உயரமோ ஐந்தடி. குனிந்து குனிந்தே கூன் விழுந்துவிட்டது. யாராவது கேட்டால், "மரியாதை தெரிஞ்ச மனுஷன்யா நான்" என்பார்.

இப்போது போடுவது பழைய துன்பியல் நாடகம். அரியணைக்காகத் தங்கையைக் கொன்ற ராணியின் கதை. செத்தவள் சபை நடுவே தரையைத் திறந்துகொண்டு எழுவாள். ஒரு வார்த்தை பேசாமல் நின்றுவிட்டு இறங்கிப் போவாள். ராணி அதே இடத்துக்கு ஓடிவந்து மண்டியிட்டுப் புலம்ப வேண்டும். அதற்குள் பாதாளம் கீழிருந்து பலகையை மூடி, இரண்டு தாழ்ப்பாளையும் போட்டுவிட்டு, இரண்டு தட்டு தட்டுவார். தட்டு கேட்காமல் ராணி அந்தப் பலகையில் கால் வைக்க மாட்டாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் இதே நாடகத்தில் ஒரு நாள் அவர் முதலில் தட்டிவிட்டு, பிறகு தாழ்ப்பாளுக்குக் கை நீட்டினார். கைப்பழக்கம்தான். எத்தனையோ தடவை அப்படிச் செய்து தப்பித்திருக்கிறார். அன்றைக்கு ராணி வேடக்காரி ஒரு எட்டு முந்திவிட்டாள். பலகை திறந்து கீழே விழுந்து இடுப்பெலும்பு நொறுங்கி, அந்த அம்மாள் இன்றுவரை எழுந்து நடக்கவில்லை.

விசாரிக்க வந்த மேனேஜர், தங்கையை ஏற்றி இறக்கும் கப்பிக் கயிற்றைப் பிடித்து நின்ற மச்சானைத்தான் பார்த்தார். பாதாளத்தின் மனைவிக்குத் தம்பி அவன். வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதம். "புது ஆளு நீதானே தாழ்ப்பாள விட்டது?" என்றார். மச்சான் பாதாளத்தின் முகத்தைப் பார்த்தான். இவர் வாயைத் திறக்கவில்லை. அக்கா குடும்பம் தெருவுக்கு வந்துவிடும் என்று நினைத்தானோ என்னவோ, அவனும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வேலையை விட்டே போய்விட்டான்.

"ஒரு பொம்பளைய முடமாக்குனவன் எனக்குத் தம்பியே இல்ல" என்று அக்கா உறவை அறுத்துக்கொண்டாள். அதையும் கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றவர்தான் இந்த மனுஷர்.

நாடகம் மறுபடி மேடையேறியபோது, செத்த தங்கைக்கு உடை மாற்றிவிடும் வேலைக்கு அவர் மனைவியையே அமர்த்தினார்கள். உடை மாற்றுவது மேடைக்கு அடியில். கைக்கெட்டும் தூரத்தில் அவள் நிற்க, மேலே ராணி தன் மனசாட்சிக்கு அஞ்சி நடுங்குவாள்; கீழே இவருக்கும் அதே பாடுதான். இவளுக்குத் தெரிந்தால் என்ன ஆவோம் என்ற பயம் ஒரு பக்கம். தாழ்ப்பாள் போட்ட கையையே நம்ப முடியாத பயம் இன்னொரு பக்கம். போட்டதைத் தொட்டுப் பார்ப்பார். கையை எடுத்ததும், போட்டோமா என்று சந்தேகம் வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சியில் தங்கை இறங்கி, உடை மாற்றிக்கொண்டு படியேறிப் போனாள். இவர் பலகையை மூடித் தாழ்ப்பாள் போட்டார். தட்டக் கை தூக்கினார். கை அப்படியே நின்றுவிட்டது. மேலே ராணியின் காலடி பலகையோரம் வந்து நின்றது. அரங்கமே மூச்சு விடாமல் காத்திருந்தது.

"என்னங்க, தட்டுங்க" என்று மனைவி கிசுகிசுத்தாள். "அவங்க நிக்கிறாங்க பாருங்க."

"பயமா இருக்கு." அவர் தாழ்ப்பாளை மறுபடி தொட்டுப் பார்த்தார். "அன்னிக்கும் நான்தான் தட்டினேன். தாழ்ப்பாள் போடாமலே தட்டிட்டேன். உன் தம்பி கயிறுதான் புடிச்சிட்டிருந்தான். அவன் மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் கையிலிருந்த உடையைக் கீழே வைத்தாள். அவரை ஒதுக்கிவிட்டு, இரண்டு தாழ்ப்பாளையும் இழுத்து இழுத்துப் பார்த்தாள். பிறகு அவளே இரண்டு தட்டு தட்டினாள். ராணி ஓடிவந்து தலைக்கு மேலே மண்டியிட்டு அழத் தொடங்கினாள்.

"உங்க போன எடுங்க" என்றாள் மனைவி. "அவன் நம்பர நான் அழிச்சிட்டேன்."