மூணு கியரா, நாலு கியரா?

போன வாரம் என்னிடம் ஒருவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அதற்குத் தப்பாகப் பதில் சொல்லி, ஒரு கியர் பாக்ஸை இருபது ஹேர்பின் வளைவு ஏற வைத்துவிட்டேன்!

ஏற்காட்டுக்குப் பக்கத்தில் வெள்ளக்கடையில் என் அக்கா ஸ்டெல்லா இருக்கிறாள். மச்சான் போய் மூன்று வருஷம். அவருடைய பழைய ஃபோர் வீல் ஜீப் வாசலில் அப்படியே நிற்கிறது. கியர் இறுகிப் போய், கம்பி இம்மியும் அசையவில்லை. பழைய வண்டி உடைப்பவர் ஒருவர் சேலத்திலிருந்து வியாழக்கிழமை வருவதாகப் பேச்சு.

“அதுக்குள்ள ஓடுச்சுன்னா இருக்கட்டும் சாமி. இல்லாட்டி போவட்டும்” என்றாள் அக்கா. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடிவாரத்தில் மெக்கானிக் செல்வத்துக்குப் போன் போட்டேன்.

“ஏனுங்க சார், அது மூணு கியர் பாக்ஸா, நாலு கியர் பாக்ஸா? பழைய ஜீப்புல ரெண்டும் உண்டுங்க. தெரிஞ்சாத்தான் மாத்து பாக்ஸ் கொண்டாற முடியும்.”

எட்டிப் பார்த்தேன். தரையிலிருந்து மூன்று கம்பிகள். “மூணு கம்பி நிக்குது, மூணு கியர்தானுங்க!” என்றேன் கம்பீரமாக.

“அய்யோ சார்... குட்டையா இருக்கற ரெண்டும் ஃபோர் வீலுக்குங்க. நெட்டையா ஒண்ணு நிக்குதில்ல, அது மட்டுந்தான் கியர். அதும் மண்டையில படம் போட்டிருக்கும், பாருங்க.”

குமிழைத் துடைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு — அழகாகச் செதுக்கியிருந்தது. “நாலு!” அக்கா பக்கத்தில்தான் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். டம்ளரை என்னிடம் நீட்டினாள்.

செவ்வாய்க்கிழமை காலை செல்வம் நாலு கியர் பாக்ஸைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஜீப்பின் தரைத் தகட்டைக் கழற்றி, பாக்ஸ் மூடியைத் திறந்து டார்ச் அடித்தவர் அப்படியே நிமிர்ந்தார். உள்ளே கியரை நகர்த்தும் ராடு இரண்டுதான். நாலு கியர் என்றால் மூன்று ராடு இருக்கணுமாம்.

“சார், இது மூணு கியர் வண்டிங்க.”

அப்புறம் அந்தக் குமிழ்? அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எஸ்டேட் டிரைவர்கள் வண்டி மாறினாலும் குமிழை மாற்ற மாட்டார்களாம். கைக்குப் பழகியது என்று கழற்றிக்கொண்டே போவார்கள். மச்சானும் எஸ்டேட் வேலையை விட்ட அன்று, அங்கே ஓட்டிய நாலு கியர் வண்டியின் குமிழை மட்டும் கேட்டு வாங்கி வந்து, சொந்த ஜீப்பில் திருகிவிட்டார்.

“அப்ப இது மூணுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியாம? ஃபர்ஸ்ட்டும் ரிவர்ஸும் போட்டா எம்பட முட்டியில இடிக்கும். ரெண்டும் மூணும் உங்க மச்சான் பக்கம். நாலாவதா ஒண்ணு இருந்தா நான் பாக்காமயா இருந்திருப்பேன்?”

“ஏங்க்கா சொல்லல?”

“என்னைய யாரு கேட்டீங்க?”

செல்வம் ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார். நான் காபியைக் குடித்தேன். வேறென்ன செய்ய?

எனக்காவது ஞாபகம் வந்திருக்க வேண்டாமா? காலேஜ் லீவில் வந்தால் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து ஒன்பது பேர் அதில் ஏறுவோம். மேட்டில் மச்சான் வண்டியை முழுசாக நிறுத்தித்தான் ஃபர்ஸ்ட் போடுவார். அவசரப்பட்டால் ‘கறக்’கென்று பல் கடிக்கும். பின்னால் நாங்கள் கத்துவோம். முன்னால் அக்கா வாயே திறக்க மாட்டாள், காலை மட்டும் ஒதுக்கிக்கொள்வாள். எவ்வளவு நல்ல நாட்கள் அவை! நான் சத்தத்தையும் சிரிப்பையும் வைத்துக்கொண்டேன். வண்டியை அவள் வைத்துக்கொண்டாள்.

ஒரு வண்டியைப் பற்றி விசாரிக்க வேண்டுமென்றால் நாம் யாரைத் தேடுகிறோம்? ஓட்டியவரை, ரிப்பேர் பார்த்தவரை, விற்றவரை. இருபத்திரண்டு வருஷம் இடது சீட்டில் உட்கார்ந்தவரிடம் காபிதான் கேட்கிறோம்.

செம்மநத்தத்தில் ஒரு வீட்டுக் கொட்டகையில் மூணு கியர் பாக்ஸ் கிடப்பதாகச் செல்வத்துக்கு ஞாபகம் வந்தது. இந்த முறை அக்காவும் கூடப் போனாள். மூடியைத் திறக்கச் சொல்லி, ராடை அவளே எண்ணினாள்.

வியாழன் காலை ஜீப் உறுமியது. அக்காவை ஏற்றிக்கொண்டு சுற்று ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, வாசலில் நிறுத்தி இறங்கினேன். அக்கா இறங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு இடது சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். அப்போது அவள் போன் அடித்தது. சேலத்துக்காரர்.

“ஏனுங்க, கெளம்பிட்டமுங்க. வண்டி சும்மாதானுங்களே நிக்குது?”

அக்கா சொன்னாள்: “வர வேண்டாமுங்க. வண்டியில ஆள் இருக்குதுங்க.”