ஸ்பிரிட் பாட்டிலின் மூடி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் என் தாய்மாமா ராஜபாளையத்தில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தார். அதற்கு முன்னால் பெரிய குடிகாரராகவும் இருந்தார். ஓர் ஈஸ்டர் அன்று தேவாலயத்தில் பைபிள் மேல் கைவைத்து, இனித் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தார். சபை நம்பியது, அம்மா நம்பினாள், டாக்டர் பாதி நம்பினார். மருந்து பாட்டிலில் ஒரு வேளைக்கு இவ்வளவு என்று காட்டக் காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி ஒட்டுவார்களே, அதேபோல ஒன்றை ஸ்பிரிட் பாட்டிலிலும் ஒட்டச் சொல்லிவிட்டார். தனக்குப் போட்ட காவலை மாமாவே பசை தடவி ஒட்டினார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மருந்தறைக்கு நான் போவதே அந்த ஸ்பிரிட்டுக்காகத்தான். மாமா என் புறங்கையில் ஒரு சொட்டு விடுவார். சில்லென்று இருக்கும், ஊதுவதற்குள் காணாமல் போய்விடும். எங்கே போச்சு என்று கேட்டால் ஆகாயத்தைக் காட்டுவார்.

சித்திரையில் டாக்டர் குடும்பத்தோடு மலைக்குப் போனார். ஒரு மாதம் ஆஸ்பத்திரிக்குப் பூட்டு, சாவி மாமாவிடம். பூட்டுகிற அன்று, யாரும் பார்க்காமல் ஸ்பிரிட் பாட்டிலின் கண்ணாடி மூடியை எடுத்துப் பாவாடையில் முடிந்துகொண்டேன். வெயிலில் பிடித்தால் சுவரில் ஏழு நிறமும் விழும். அந்த மாதம் முழுக்க எங்கள் தெருவுக்கு நான்தான் ராணி.

திறக்கும் நாள் காலையில் பெருக்கித் தருகிறேன் என்று மாமாவோடு போனேன். தகரக் கூரை போட்ட அறை. கதவைத் திறந்ததும் ஸ்பிரிட் நெடி முகத்தில் அடித்தது. மாமா ஜன்னல் பக்கம் திரும்பிய நேரத்தில் மூடியை அதன் இடத்தில் வைத்து அழுத்தினேன். சற்று நேரத்தில் டாக்டர் வந்தார், காற்றை முகர்ந்தார், பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். மூடி கச்சிதமாக இருந்தது. ஸ்பிரிட் மட்டும் நான்கு பல் இறங்கியிருந்தது.

"நான் தொடலங்கய்யா" என்று ஒரே ஒரு தடவை சொன்னார் மாமா. பிறகு என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

வேலை போயிற்று. சபையில் இனி அவருக்கு அப்பமும் ரசமும் தரும் திருவிருந்து கிடையாது என்றார்கள். அம்மா வாசலை மறித்துக்கொண்டு, "ஏலே, வேதத்து மேல வச்ச கையாலயா அந்தப் பாட்டிலத் தூக்குன? எம் மூஞ்சியில முழிக்காத" என்றாள். மாமா போகும்போது என் தலையைத் தொட வந்தார். நான் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். மூடியை எடுத்தது நான், ஸ்பிரிட்டைக் குடித்தது அவர், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று மனதார நம்பினேன். தினமும் கையில் ஒரு சொட்டு மறைவதைப் பார்த்தவள் நான்! இதை எழுத இப்போதும் கூசுகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளியில் படிக்கும்போது, பதினான்கு வயதில், விஞ்ஞான ஆசிரியை இரண்டு பாட்டில்களை மேஜையில் வைத்தார். ஒன்று மூடியது, ஒன்று திறந்தது. திரவம் எந்நேரமும் ஆவியாகிக்கொண்டேதான் இருக்கும். மூடியிருந்தால் ஆவி மேலே நிறைந்து அழுத்தும், போகிற அளவு திரும்பியும் வந்துவிடும். திறந்திருந்தால் போனது போனதுதான், சூட்டில் இன்னும் சீக்கிரம் போகும் என்றார். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். நான் திறந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை பஸ் ஏறி ராஜபாளையம் போனேன். மாமா பஞ்சு மூட்டை சுமந்துகொண்டிருந்தார். அவர் மேல் கள் வாடை அடித்தது. இந்த முறை அது நிஜம். அழுதுகொண்டே ஆவி, அழுத்தம் என்று பாடம் முழுவதையும் அவரிடம் ஒப்பித்தேன்.

மாமா சிரித்தார். "கம்பவுண்டருக்கேவா பாடம்? நீ மூடிய வச்சத ஜன்னல் கண்ணாடியில பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"பொறவு ஏன் மாமா சொல்லல?"

"குடிகாரப்பய பச்சப்பிள்ள மேல பழியப் போடுதான்னு சொல்லுவாவ. நீயாச் சொல்லுவேன்னு செத்த நேரம் நின்னேன் ஏட்டி. அம்புட்டுதான்."

மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

டாக்டர் முன்னால் அவர் என்னைப் பார்த்தாரே, பிடிபட்ட வெட்கத்தில் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். எனக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறார் என்பது ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை.