சுயம்பு தின்ற ஜெயில் சோறு

பனச்சமூடு சந்தையில் வாழைக்குலை வியாபாரம் செய்த சுயம்பு, எல்லைப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர் என்று ஊரில் பெயர். அவர் போனது ஜெயிலுக்கல்ல, ஆஸ்பத்திரிக்கு. அங்கே அவர் விட்டுவந்தது முக்கால் இரைப்பை. தாய்மண்ணுக்கும் அந்த இரைப்பைக்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. சம்பந்தம் வந்த விதத்தைச் சொல்லாமல் விட்டால் அவர் வயிற்றுக்கு நாம் செய்கிற இரண்டாவது அநியாயமாகப் போகும்.

பாறசாலைப் பக்கத்துக் கல்யாணங்களில் சுயம்புவுக்குப் பந்தித் தலைதான் இடம். பந்தித் தலை என்பது லேசுப்பட்ட பதவியல்ல. முதல் இலை அவருக்கு. அவர் எழும்பாமல் வரிசையில் ஒருவரும் எழும்பக் கூடாது. எழும்பினால் விருந்து வைத்தவனுக்கு அவமானம். இந்தப் பதவிக்கு வயதையும் நிலபுலனையும் பார்க்கிற ஊர்கள் உண்டு. இங்கே கொள்ளளவைப் பார்த்தார்கள். சுயம்பு இரண்டாம் தடவை சாம்பார் கேட்டால் சமையல்காரன் தலை நிமிர்வான். அடைப்பிரதமன் பாயசத்தைக் குடித்துவிட்டு அவர் விடுகிற ஏப்பம் சமையல்புரை வரைக்கும் கேட்கும். கேட்டபிறகுதான் பெண்வீட்டுக்காரனுக்கு மூச்சு வரும்.

அவர் ஆசைக்குத் தின்றார் என்று ஊர் நினைத்தது. அவர் தின்றது வலிக்கு. தொப்புளுக்கு மேலே ஒரு கங்கு கிடந்து எரியும். மரச்சீனிக் கிழங்கோ சோறோ பழமோ உள்ளே போனால் அடங்கும். கொஞ்சம் கழிந்தால் மறுபடி கனலும். மறுபடி தின்பார். இப்படி நெருப்புக்குச் சோறு போட்டே உடம்பு ஏறியது. பஸ்ஸில் அவர் பக்கத்தில் இடம் காலியாக இருந்தாலும் ஒருவருக்கும் உட்காரத் தோன்றாது. காலியாக இருப்பது நாலு விரல் அகலம்தான்.

ஒருநாள் சந்தையில் குலை ஏலம் விட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று குனிந்து ரத்தமாக வாந்தி எடுத்தார். வெற்றிலைச் சாறு என்று சொல்லிச் சமாளித்தார். அவருக்கு வெற்றிலைப் பழக்கமே கிடையாது என்பது அன்றைக்கு யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

தெற்கே மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். புண்ணாம். அறுக்க வேண்டுமாம். ஆனால் உடனே முடியாதாம்.

"இவ்வளவு கொழுப்புக்குள்ள கத்திய விட்டா, வயிறு எங்க இருக்குன்னு தேடவே பொழுது போயிரும். முதல்ல மெலியணும்" என்றார் டாக்டர்.

"ஐயா, பட்டினி கிடந்தா எரியுமே?"

"எரியும். கொஞ்சம் கொஞ்சமா பால் தருவோம்."

கேட்டதும் சுயம்பு அழுதுவிட்டார். அறுப்பதற்காக அல்ல.

இதை ஊரில் சொல்ல முடியாது. மகள் விலாசினிக்கு நெய்யாற்றின்கரையில் மாப்பிள்ளை பேசி முடிந்திருந்தது. பையன் பள்ளிக்கூட வாத்தியார். அவன் அப்பா செல்லசாமி கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா. அந்தக் காலத்தில் வயிற்றைத் திறந்த மனிதன் பாதிப் பிணம். அந்த நோவு பிள்ளைக்கும் வரும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஞ்ஞானம். சுயம்புவின் மனைவி சத்யபாமாவுடைய அண்ணன் மகளுக்கு வந்த சம்பந்தம், அண்ணன் ரத்தம் கக்கிய செய்தி போய்ச் சேர்ந்த அன்றே முறிந்தது. அந்தப் பெண் இன்னும் வீட்டில்தான் இருக்கிறாள்.

அது எல்லைப் போராட்டம் கொதித்த சமயம். சமஸ்தானத்துத் தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை மாகாணத்தோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலம் போவார்கள், போலீஸ் பிடிக்கும். காலையில் கடைக்குப் போன ஆள் மாயமாவதும், பின்னால் எலும்பும் தோலுமாக வந்து நிற்பதும் சாதாரணம். எனவே முதல் ஆள் வந்து, "அக்கா, அண்ணாச்சிய எங்க, சந்தையில காணல?" என்றபோது சத்யபாமாவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"ஜெயிலுக்குப் போயிருக்காவ."

ஒரு வார்த்தையில் நோயாளி தியாகியாகிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் தியாகி பாலுக்கும் நீர்க்கஞ்சிக்கும் நடுவே உருகினார். பக்கத்துக் கட்டிலுக்கு மீன்குழம்பு வரும்போது போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வார். மூக்குக்குப் போர்வை போதாது. ஒரு தடவை பக்கத்துக் கட்டில்காரன் தூங்கும்போது அவன் தட்டில் ஒட்டியிருந்த குழம்பை விரலால் வழித்து நக்கினார்; நக்கியபிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து, ஊரில் தனக்காக ஒதுங்கும் பந்தித் தலையை நினைத்துப் பார்த்தார். கடைசியில் டாக்டருக்குத் திருப்தியான அளவில் சுயம்பு குறைந்தார். வயிற்றை அறுத்து, கெட்டதை எடுத்து, மிச்சத்தைக் குடலோடு சேர்த்துத் தைத்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் ஆனந்தபாய் கட்டிலருகே நின்று சட்டம் படித்தாள்.

"அண்ணாச்சி, நல்லா கேட்டுக்கிடணும். பச்சைப்பிள்ளைக்கு ஊட்டுவோமே, அந்த அளவாக்கும் இனி. மென்னு மென்னு கூழாக்கிட்டு விழுங்கணும். சோத்துக்கூட வெள்ளம் குடிக்கப்பிடாது. வயிறு நெறஞ்சதுன்னு தோணினா அடுத்த உருண்டை விஷம்."

"பாயசம்?"

"அத மறந்திரணும். இனிப்பு நேரே குடல்ல போய் விழும். உடம்பெல்லாம் வேர்த்து, நெஞ்சு அடிச்சு, கண்ணு இருட்டி விழுந்திருவிய. தையல் பிரிஞ்சா நான் பொறுப்பில்ல."

"ஒரு கரண்டி?"

"அண்ணாச்சி, உங்களுக்கு மகள் இருக்குல்லா?" என்றாள் ஆனந்தபாய்.

பனச்சமூட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கழுத்தில் மாலை விழுந்தது. போராட்டக் கமிட்டிச் செயலாளர் ராபின்சன் கூட்டத்தோடு நின்றார். சட்டைக்குள் காற்று மட்டும் இருந்த சுயம்புவைப் பார்த்ததும் அவர் ஒரு கல்லின் மேல் ஏறி நின்றார். "பாருங்க மக்கா! மலை மாதிரி போன மனுசனை மூங்கிக் கம்பா திருப்பித் தந்திருக்கானுவ!" என்று அங்கேயே பேச்சைத் தொடங்கினார். அடுத்த நாளிலிருந்து ஊர் தன் கடமையைச் செய்தது. ஜெயிலில் வற்றிய தியாகியை மறுபடி நிரப்ப வேண்டும் அல்லவா? அவித்த மரச்சீனி வந்தது. சாளை மீன் புளிமுளம் வந்தது. பலாச்சக்கை வரட்டி, பயறும் கஞ்சியும், முழுக் கோழி எல்லாம் வந்தன. கொண்டுவந்தவர்கள் தின்பதைப் பார்த்துவிட்டுப் போக முற்றத்தில் நின்றார்கள். சுயம்பு ஒரு வாய் வைத்து, கண்ணை மூடி மென்றுகொண்டே இருப்பார். உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார் என்று நினைத்து அவர்கள் போனபிறகு மரச்சீனியும் கஞ்சியும் எருமைக்குப் போகும். போராட்டத்தால் அந்த வட்டாரத்தில் உண்மையாகப் பலன் அடைந்த முதல் ஜீவன் அந்த எருமை.

செய்தி நெய்யாற்றின்கரைக்கும் போனது. செல்லசாமி ஐக்கிய கேரளம் கேட்கிற கட்சிக்காரர். சம்பந்தி ஜெயிலுக்குப் போன தமிழ்ப் போராளி என்றதும் அவருக்குச் சுருக்கென்றது. எதிர்க்கட்சிக்காரன் வீட்டில் கை நனைக்க மாட்டோம் என்று சில போராட்டக்காரர்கள் சபதம் செய்திருந்த நேரம் வேறு. ஆள் அனுப்பினார்.

"கல்யாணம் வேண்டா என்னு நான் பறயுந்நில்ல. வீடு காண வரட்டே. என்றெ வீட்டில் இருந்து வயிறு நிறய ஊணு கழிக்கட்டே. ஊணு கழிச்சால் சம்மந்தி. இல்லெங்கில் சமரக்காரன்."

வயிறு நிறையச் சோறு தின்றால் சம்பந்தி, தின்னாவிட்டால் போராட்டக்காரன் என்பது நிபந்தனை. அன்றைக்கு அடுக்களையில் புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"தின்னா செத்துப்போவேன் பாமா."

"தின்னலன்னா கல்யாணம் போச்சு."

"நோவுன்னு சொல்லிருவமா?"

"சொன்னாலும் போச்சு. என் அண்ணன் மவள ஒருதடவ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "கொஞ்சம் கொஞ்சமா தின்னு பாருங்களேன்? முன்னெல்லாம் எவ்வளவு தின்னிய!"

வாழ்நாளில் முதல்முறையாக அவள் அவரைத் தின்னச் சொல்லிக் கெஞ்சினாள். அப்படி ஒரு வரம் கிடைத்த சமயத்தில் அவரிடம் வயிறு இல்லை.

மாப்பிள்ளை வீடு காணப் போன பஸ்ஸில் ராபின்சனும், பொன்னுதாசும், உறவுக்காரர்களும் இருந்தார்கள். பொன்னுதாஸ் கொத்துவேலைக்காரன். நிஜமாகவே ஜெயிலுக்குப் போனவன். லத்தியடியில் வலது மணிக்கட்டு முறிந்து, கோணலாகக் கூடியிருந்தது. கொத்துக்கரண்டி பிடிக்க முடியாமல் இப்போது சித்தாள் வேலைக்குப் போகிறான். சுயம்புவின் பக்கத்தில் இப்போது நிறைய இடம் இருந்ததால் அவன்தான் உட்கார்ந்தான்.

"சுயம்பண்ணே, நீரு உள்ள எந்தப் பக்கம் இருந்தீரு? நான் ஒருநாளும் பாக்கலியே?"

சுயம்பு தோள்துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "மேக்க பக்கம்."

"மேக்க பக்கம் சமையப்புரையாக்கும்."

"ம்..."

"சரிதான். உம்மள வேற எங்க போடுவான்?" என்றான் பொன்னுதாஸ். சிரிக்கவில்லை. அதன்பிறகு ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

செல்லசாமி வீட்டில் பெரிய பந்தல். பந்தித் தலையில் சுயம்புவை உட்காரவைத்து எதிரே அவரே நின்றுகொண்டார். பருப்பும் நெய்யும் விழுந்தன. சுயம்பு நெல்லிக்காய் அளவு உருட்டி வாயில் போட்டு மென்றார். இரண்டாவது உருண்டை. மூன்றாவது போனதும் உள்ளே கதவு சாத்துகிற மாதிரி இருந்தது. வரிசை சாம்பார் முடித்துக் காத்திருந்தது. அவர் இன்னும் பருப்பில் இருந்தார்.

"சம்மந்தீ, ஊணு பிடிச்சில்லயோ?"

"கொள்ளாம், கொள்ளாம்! ருசிச்சுத் தின்னுதேன்."

"ஜெயிலில் இதினெக்காள் நல்ல ஊணாயிருந்நோ?" ஜெயில் சோறு இதைவிட ருசியோ என்று கேட்ட செல்லசாமியின் குரலில் ஊசி ஏறிவிட்டது. "அல்ல, இங்ஙனெ நுள்ளி நுள்ளி கழிக்குந்நது கண்டு சோதிச்சதாணு."

சுயம்பு சாம்பார்ச் சோற்றை அள்ளினார். உருண்டை தொண்டை வழியே இறங்கி, இடமில்லாமல் நெஞ்சில் நின்றது. அதன் மேலே இன்னொன்றை வைத்து அழுத்தினார். தையல் போட்ட இடம் கயிறு முறுக்குகிற மாதிரி இழுத்தது. ஒரு உருண்டை விலாசினியின் தாலிக்கு. இன்னொன்று அவள் புடவைக்கு. கண்ணில் நீர் முட்டியது. மிளகாய் என்று சொன்னார். பிறகு போளி வந்தது, அதன்மேல் அடைப்பிரதமன் வழிய வழிய விழுந்தது. அந்த மணத்துக்காகவே கல்யாணங்களுக்குப் போனவர் அவர். இப்போது ஆனந்தபாய் முகம் இலையிலிருந்து எழும்பி அவரைப் பார்த்தது.

செல்லசாமி குனிந்து இலையைப் பார்த்தார். பந்தல் முழுக்க அந்த இலையைப் பார்த்தது.

சுயம்பு போளியைப் பிசைந்து வாரி வாரிக் குடித்தார்.

ஏப்பம் வரவில்லை. வேர்வை வந்தது. காது அடைத்து, நெஞ்சு செண்டை கொட்டி, பந்தல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இலையின் மேலேயே சரிந்துவிட்டார். யாரோ காற்றுப் படட்டும் என்று சட்டையைப் பிய்த்துத் திறந்தார்கள். நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புளைத் தாண்டி ஓடிய தழும்பு, சிவப்பு மாறாமல், எல்லார் கண்ணுக்கும் முன்னால் கிடந்தது.

பாதி மயக்கத்தில் சுயம்பு நினைத்தார்: முடிந்தது. மகளே, முடிந்தது.

"பைனெட்டுக் கத்திக் குத்து!" என்று ராபின்சன் கத்தினார். "பாத்தியளா! ஜெயிலுக்குள்ள வச்சு வயித்தக் கிழிச்சிருக்கானுவ! இந்த மனுசன் வாயத் திறந்து ஒரு வார்த்தை சொன்னாரா?"

சுயம்பு இறந்திருந்தால்கூட இவ்வளவு அமைதியாகக் கிடந்திருக்க மாட்டார். செல்லசாமியின் முகத்தில் ரத்தமில்லை. கோர்ட்டில் பல பொய்களை எழுதிப் பழகிய மனிதர், லேசில் நம்பவில்லை. பொன்னுதாசின் கோணல் கையைப் பார்த்தார்.

"நீ ஜெயிலில் கிடந்நவனல்லே? நீ பற. சத்யமாணோ?"

பொன்னுதாஸ் தழும்பருகே குனிந்தான். இரண்டு பக்கமும் வரிசையாகத் தையல் புள்ளிகள். எந்தப் போலீஸ்காரனும் குத்திவிட்டு இவ்வளவு அழகாகத் தைக்க மாட்டான். அவன் கொத்தன், ஒட்டு எது உடைப்பு எது என்று தெரியாதவனல்ல. சுயம்பு கண்ணை இலேசாகத் திறந்தார். இருவரும் பார்த்துக்கொண்டார்கள்.

"இந்த மனுசன் பட்ட பாட்ட இப்ப என் கண்ணால கண்டேன்" என்றான் பொன்னுதாஸ். "அவரு அதத் தாங்கிட்டு உங்க சோத்த தின்னாருல்லா? பின்ன என்ன வேணும் உங்களுக்கு?"

செல்லசாமி தரையில் உட்கார்ந்து சுயம்புவின் எச்சில் கையைப் பிடித்துக்கொண்டார். "க்ஷமிக்கணும் சம்மந்தீ. விலாசினி இனி என்றெ மோளாணு." ராபின்சன் நீண்ட பேச்சு ஒன்று பேசினார். ஒருவரும் நடுவில் எழும்பவில்லை. பந்தித் தலை படுத்துக் கிடந்ததால் எழும்ப வழியில்லை. எல்லார் கையிலும் பருப்பு காய்ந்து ஒட்டிக்கொண்டது.

திரும்பும் பஸ்ஸில் பொன்னுதாஸ் மெல்லக் கேட்டான்: "எந்த ஆஸ்பத்திரி?"

சுயம்பு சொன்னார்.

"எனக்கும் ஒரு மவ உண்டு. அதுக்காகச் சொன்னேன். ஆனா கேளும், என் கை ஒடிஞ்ச கதைய இதுவரைக்கும் ஒருத்தன் கேட்டதில்ல. உம்ம வயித்த இனி ஊரே கேக்கும்."

கேட்டது. கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஐம்பத்தாறில் கோடு போட்டார்கள். தெற்கே நாலு தாலுகா அந்தப் பக்கம், சென்னையோடு போனது. நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம் நின்றது. சுயம்புவும் அவருடைய கால் இரைப்பையும் கேரளத்தில் நின்றார்கள். ராபின்சன் விடவில்லை. போராட்ட நினைவுக் கூட்டம் எங்கே நடந்தாலும் மேடையில் சுயம்பு சட்டையைத் தூக்க வேண்டும். தூக்கும்போதெல்லாம் கூட்டம் பெருமூச்சு விடும். மேடைக்குக் கீழே கோணல் கையோடு ஒருவன் உட்கார்ந்திருப்பான். சுயம்புவுக்குக் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாது. கூட்டம் முடிந்தால் விருந்து. பந்தித் தலை வேறு யாருக்கு?

ஒரு நிபந்தனை மட்டும் சுயம்பு வைத்தார். பக்கத்து இலை பொன்னுதாசுக்கு.

பரிமாறுகிறவன் திரும்பியதும் தியாகியின் இலையிலிருந்து சோறும் கறியும் போளியும் பக்கத்து இலைக்கு எல்லை தாண்டும். பொன்னுதாஸ் கோணல் கையால் மெதுவாகவே தின்பான். அவன் முடிக்கும்வரை சுயம்பு எழும்ப மாட்டார். வரிசை முழுக்கக் காத்துக்கிடக்கும். போளி கண்ணெதிரே போவதைப் பார்த்து அவர் கண் கலங்கும். நெய்யாற்றின்கரை நமக்குக் கிடைக்காமல் போன துக்கம் என்று எதிர் வரிசையில் ஒருவர் மற்றவரிடம் சொல்வார்.

"அழாதேயும் ஓய். ஒரு கடி வேணுமா?" என்பான் பொன்னுதாஸ், வாய் நிறைய.

"வேண்டாம் மக்கா. நீ தின்னு. மெல்லத் தின்னு. நான் பாத்துட்டு இருக்கேன்."