என் அம்மா விற்காத மீன்

என் அம்மா மீன் விற்றதே இல்லை. விற்றாள் என்று எழுதினேன். எழுதியதோடு நிற்காமல், பத்துப் பேர் முன்னால் அது உண்மை என்றும் சொன்னேன்.

கவிதையில் கற்பனைக்கு இடமில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தச் சமாதானத்தை எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். அது ஒட்டவில்லை.

எங்கள் ஊரில் உப்பளம் என்ற பகுதியில் ஒரு சின்னக் கூடத்தில் ஞாயிறு மாலைகளில் கவிதை வகுப்பு நடக்கிறது. வேலைக்குப் போகிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று எல்லாரும் வயதில் பெரியவர்கள்தாம். உள்ளூர் மேட்டுப்பாளையத்துத் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளனாக இருக்கும் நான், ஐம்பதைத் தாண்டிய பிறகு அங்கே போய் மாணவனாக உட்கார்ந்தேன். வகுப்பை நடத்தும் மாலதி கல்லூரி ஆசிரியை, என்னைவிட மிகவும் இளையவர். இன்றைக்கு எழுதுகிறவர்களின் கவிதைகளை வாரம் ஒன்றாகக் கொண்டு வருவார். சாக்கடை அள்ளியவர் எழுதியது, திருநங்கை ஒருவர் எழுதியது, தேயிலைத் தோட்டத்தில் பிறந்த பெண் எழுதியது...

இப்படியெல்லாம்கூட எழுதலாமா! நிலவும் மழையும்தான் கவிதை என்று இத்தனை காலம் நம்பியிருந்தேனே! சில ஞாயிறுகளில் வீட்டுக்குப் போயும் அந்தக் கவிதையையே திரும்பத் திரும்ப வாசிப்பேன். அது நடிப்பல்ல, இதையாவது நம்புங்கள்.

ஆனால் கூடவே ஒரு பொறாமையும் வளர்ந்தது. அவர்களுக்கெல்லாம் சொல்ல ஏதோ இருக்கிறது, எனக்கு என்ன இருக்கிறது? அப்பா அரசு அலுவலக எழுத்தர், அம்மா பள்ளி ஆசிரியை. ரெட்டியார்பாளையத்தில் சொந்த வீடு. ஒரு வேளைகூடப் பட்டினி கிடந்ததில்லை. நான் என் நிலாக் கவிதையை வாசித்தால் எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு டீ எடுக்கப் போவார்கள்.

அந்தத் தலையாட்டல் பொறுக்காமல்தான் மீன்கூடையைச் சுமக்கும் ஓர் அம்மாவை எழுதினேன். கூடையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? வாங்குகிற பக்கம் நின்றவர்கள் நாங்கள். மீன்காரப் பெண்ணைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தி என் அம்மா பேரம் பேசுவாள். அவள் குடிக்கத் தண்ணீர் கேட்டால் தனிச் சொம்பில் கொடுப்பாள். அந்தச் சொம்பை நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் அதுதான் என் கவிதை!

வாசித்து முடித்ததும் யாரும் டீ எடுக்கப் போகவில்லை. யாரோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். உங்கள் அம்மாவா என்று மாலதி மெல்லக் கேட்டார். ஆமாம், இப்போது உயிரோடு இல்லை என்றேன். அந்த நேரத்தில் என் அம்மா வீட்டில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து நான் பேசினால் கேட்டார்கள். அந்த ருசியை எப்படிச் சொல்வேன்... விட மனம் வரவில்லை.

சில மாதங்கள் கழித்துக் கலைவாணி வகுப்பில் சேர்ந்தாள். துணிக்கடையில் பில் போடுகிறவள், மீனவர் குப்பத்துப் பெண். அவளுடைய அம்மா பெரிய மார்க்கெட்டில் நிஜமாகவே மீன் விற்கிறவர். கலைவாணியின் முதல் கவிதையில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா கிழவர் ஒருவர் மீன் வாங்க வந்து "போன்ழூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்கிறார். அதை வீட்டில் போய்ச் சொல், இங்கே விலையைச் சொல் என்கிறாள் அம்மா. மார்க்கெட்டே சிரிக்கிறது. எங்கள் கூடமும் சிரித்தது.

எனக்கு வயிறு எரிந்தது.

வகுப்பு முடிந்ததும் அவள் என்னிடம் வந்தாள். எந்தக் குப்பம் என்று கேட்டாள். சின்ன வயதிலேயே டவுனுக்கு வந்துவிட்டோம் என்று சமாளித்தேன். அவள் சந்தேகப்படவே இல்லை. நம்ம ஆள் ஒருவர் இருக்கிறார் என்ற சந்தோஷத்தில், தன் கவிதையைத் திருத்தித் தரச் சொன்னாள்.

"சிரிப்பு நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா வலி எங்க?" என்றேன்.

அது அறிவுரையா, வயிற்றெரிச்சலா? அன்றைக்கு அறிவுரை என்றே நினைத்தேன்... இல்லை, அப்படி நினைக்க விரும்பினேன்.

அவள் மாற்றி எழுதினாள். கரையில் உட்கார்ந்து அழுகிற அம்மா வந்தாள். அதை வீட்டில் வாசித்துக் காட்டிவிட்டு, அடுத்த வாரம் குழப்பத்தோடு வந்து நின்றாள்.

"நான் எப்ப அழுதேன்னு எங்கம்மா கேக்குதுண்ணா. நான் என்னா சொல்றது?"

அந்த இடத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அம்மாக்கள் வெளியே காட்டமாட்டார்கள், உள்ளுக்குள் அழுவார்கள் என்று விளக்கம் சொன்னேன். அந்த அம்மாவை ஒரு முறைகூடப் பார்த்திராத நான், அவர் மனதுக்குள் இருப்பதை அவர் மகளுக்கே சொல்லிக்கொடுத்தேன்!

போன ஞாயிறு எங்கள் கூடத்தில் கவிதை வாசிப்பு. கலைவாணி அந்தக் கவிதையை வாசித்தாள். மார்க்கெட் இல்லை, சொல்தா இல்லை, சிரிப்பு இல்லை. முழுக்க என் கண்ணீர். எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். இப்போதுதான் உன் குரல் வந்திருக்கிறது என்று மாலதி அவளைப் பாராட்டினார். கலைவாணி நன்றியோடு என்னைப் பார்த்தாள்.

அவளுடைய அம்மாவும் வந்திருந்தார். தலை நிறையப் பூ, மடிப்புக் கலையாத புடவை. நான் வண்டியை எடுக்கும்போது தேடி வந்து பக்கத்தில் நின்றார்.

"தம்பி, நான் பாட்டுக்குச் சிரிச்சிக்கினே இருந்துட்டேன். இந்தப் பொண்ணு உள்ளுக்குள்ள இவ்ளோ வச்சிக்கினு இருந்திருக்கு. இனிமே அது முன்னாடி பாத்துப் பேசணும்."

சிரிப்பதை நிறுத்தாதீர்கள் என்றாவது சொல்லியிருக்கக் கூடாதா நான்? நேரமாகிவிட்டது என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

உங்களிடம் சொல்வது சுலபம். உங்களுக்கு என்னைத் தெரியாது, நாளைக்கு என் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை. கலைவாணி புதிதாக ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறாளாம், அவள் அம்மாவைப் பற்றியேதான். வகுப்பில் வாசிப்பதற்கு முன்னால் என்னிடம் காட்டுகிறேன் என்றிருக்கிறாள்.