வங்கி ஐயா வாங்கிய கடன்

எங்கள் சாப்பாட்டுக் கடையில், காசு வாங்கும் மேசைக்கு மேலே உள்ள சுவர்த் தட்டில், ஒரு ஜாம் போத்தல் இருக்கிறது. வாய்ப்புறமெல்லாம் கரி. பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க் கடைகள் நிறைந்த எங்கள் லா சப்பல் பகுதிக்குப் புதிதாக வருகிறவர்கள் அது என்னவென்று கேட்பார்கள். கடையை நடத்தும் அண்ணை சிரித்துக்கொண்டே, "ஒருத்தர் கடனா வாங்கித் திருப்பித் தந்தது" என்பார்.

அந்த ஒருத்தரை நாங்கள் வங்கி ஐயா என்போம். நாடுகளுக்கு அபிவிருத்திக் கடன் கொடுக்கும் ஒரு வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பிரெஞ்சுக்காரர். ஞாயிறுதோறும் இடியப்பமும் சொதியும் சாப்பிட வருவார். அணு மின்சாரம் விற்பனைக்கு வந்த ஆரம்ப காலத்தில், உலை கட்டக் கடன் கேட்ட நாடுகளுக்குக் கொடுக்கலாமா என்று பார்ப்பது அவருடைய வேலை. சின்ன நாடு ஒன்றுக்கு அவர் மறுத்திருந்தார். விபத்துப் பயத்தால் அல்ல. நாட்டின் மின்சாரத்தில் பாதி அந்த ஒரே உலையிலிருந்து வரும், அது பழுதாகி நின்றால் ஊரெல்லாம் இருண்டுவிடும் என்பதுதான் காரணம். ஜப்பானில் கடல் பொங்கி உலைகள் உருகிய வருடம், பழைய சகாக்களுக்கு அந்த மறுப்பு ஞாபகம் வந்தது. குளிர்காலத்தில் அவரைப் பாராட்டிக் கூட்டம் வைத்தார்கள். அதற்கு முந்தின ஞாயிறு சொதி ஆறுவதுகூடத் தெரியாமல் அதைப் பற்றியே பேசினார். அந்தப் பாராட்டுக்கு மனிதர் எவ்வளவு ஏங்கியிருந்தார் என்று அன்றுதான் கண்டேன்.

அப்போது தெருவில் மின்சாரம் நின்றது. அண்ணையின் சட்டைப் பையில் கைபேசி இருந்தது, அதில் வெளிச்சமும் இருந்தது. ஆனால் அவருடைய கை நேரே ஒரு வெறும் ஜாம் போத்தலுக்குத்தான் போனது. சாமிப் படத்தடியில் இருந்த எண்ணெயையும் திரியையும் எடுத்து, ஒரு துண்டுக் கம்பியை வளைத்து, கண் மூடித் திறப்பதற்குள் விளக்காக்கிவிட்டார். யுத்த காலத்து யாழ்ப்பாணத்தில் நாங்கள் படித்தது இப்படியான விளக்கில்தான் என்று ஐயாவுக்குப் பிரெஞ்சில் சொன்னேன். அவர் சுடரைப் பார்த்தபடி, மனிதர்கள் இருட்டுக்கும் பழகிவிடுகிறார்கள், தான் மறுத்த நாட்டிலும் அப்படித்தான் பழகியிருப்பார்கள் என்றார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவர் சொன்னதை அப்படியே அண்ணைக்குத் தமிழில் சொன்னேன்.

"நாங்கள் பழகேல்லை, தாக்குப்பிடிச்சனாங்கள்" என்றார் அண்ணை. "உலைக்குக் குடுக்காதது சரி. அதுக்குப் பதிலா அந்தச் சனத்துக்கு என்ன குடுத்தவர் எண்டு கேள் பிள்ளை."

கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். மறுத்ததோடு தன் வேலை முடிந்தது என்று நினைத்தாராம். பிறகு சாப்பிடவில்லை. போகும்போது அந்தப் போத்தலைக் கூட்டத்துக்காகக் கடனாகக் கேட்டார். "தாறன். ஆனா திருப்பித் தரவேணும்" என்றார் அண்ணை.

கூட்டத்தில் போத்தலை மேசையில் வைத்து, உலையை மறுத்தது சரி, அந்த நாட்டை மறந்தது பிழை என்று பேசினாராம். கைதட்டல் குறைவு என்று அவரே வந்து சொன்னார். போத்தலை மட்டும் கொண்டுவரவில்லை. அண்ணை கேட்கும்போதெல்லாம் தவணை சொல்வார்.

போன வருடம் அவர் காலமானார். போத்தலை மகள் கொண்டுவந்து தந்தார். கடைசிவரை அப்பாவின் கட்டிலருகே இருந்தது, கட்டாயம் திருப்பிக் கொடுக்கச் சொன்னார் என்றார். கரியை ஐயா துடைக்கவே இல்லை. உள்ளே எண்ணெய் இருந்தது. திரி மட்டும் புதிது.