பால்கோவாவுக்கு வந்த பதில்களும் நாய்க்குட்டிக்கு வந்த பதில்களும்

தொண்ணூறுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் முதல் பிரவுசிங் சென்டர் வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட் பக்கம் ஒரு வக்கீல் ஆபீசில் நான் டைப்பிஸ்ட். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே அங்கேதான் போவேன். மற்றவர்கள் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடிக்கொண்டிருக்க, நான் படபடவென்று அடித்துத் தள்ளுவேன். நாள் முழுக்க ஊரார் வழக்கையே அடிக்கிற கைக்கு, சொந்தமாக நாலு வரி அடிப்பதில் அப்படியொரு குஷி.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கென்று ஒரு மின்னஞ்சல் குழு இருந்தது. ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் போகும். தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிப்போம். குழுவைத் தொடங்கியவர் ராஜபாளையத்து மில் ஒன்றில் ஃபிட்டராக இருந்துவிட்டு, இந்தோனேசியாவில் ஒரு மில்லுக்கு வேலைக்குப் போனவர். நேரில் பார்த்ததில்லை, எங்களுக்கு அவர் அண்ணாச்சி. சேர்ந்தவர்கள் ஏராளம், பேசுகிறவர்கள்தான் இல்லை. தீபாவளிக்கு ஒரு வாழ்த்து, பொங்கலுக்கு ஒரு வாழ்த்து, நடுவில் எங்கிருந்தோ வந்த பழைய ஜோக். ஒருநாள் அண்ணாச்சி எழுதியிருந்தார்: “யாரும் பேசுத மாதிரி தெரியல. மாசக் கடைசியில மூடிருதேன்.”

எனக்கு வந்ததே கோபம். வீட்டில் பேச்சு குழம்போடு முடிந்துவிடும், ஆபீசில் வாய்தாவோடு முடிந்துவிடும். மூன்றாவதாக ஒரு இடம் கிடைத்திருக்கிறது, அதையும் இழுத்துச் சாத்தினால் நான் எங்கே போய்ப் பேசுவது? அண்ணாச்சியைக் கேட்கக்கூட இல்லை. இந்த வாரம் நல்ல கடிதம் எழுதுகிறவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா பார்சல் என்று அறிவித்துவிட்டேன்.

பந்திக்கு முந்துவதில் நம் ஆட்களைக் கேட்க வேண்டுமா? கடிதங்கள் வந்து குவிந்தன. “அருமை” என்றது ஒன்று. “சூப்பர்” என்றது அடுத்தது. “நம்ம ஊர் போல வருமா” என்று ஒருவர் அதே வரியைத் திரும்பத் திரும்ப அனுப்பியிருந்தார். இன்னொரு மகராசர் கடிதமே எழுதாமல் விலாசத்தை மட்டும் அனுப்பியிருந்தார். எரிச்சலில் போட்டியை ரத்து செய்தேன். வாங்கி வைத்த பால்கோவாவை வக்கீலும் குமாஸ்தாவும் நானுமாக ஆபீசிலேயே தின்று தீர்த்தோம். குழு பழையபடி வாயை மூடிக்கொண்டது.

அதே சமயம் வீட்டில் ஒரு நாய்க்குட்டிப் பிரச்சினை. மாந்தோப்புக் காவலுக்கென்று என் கணவர் ஒரு வெள்ளைக் குட்டியைக் கொண்டுவந்திருந்தார். அசல் ராஜபாளையம், ஆனால் கூப்பிட்டால் திரும்பாது. கேட்டை யாராவது தடதடவென்று ஆட்டினாலும் அதுபாட்டுக்குத் தூங்கும். திமிர் பிடித்த நாய், ஞாயிற்றுக்கிழமை மம்சாபுரத்தில் ஒருவருக்குக் கொடுத்துவிடப் போகிறேன் என்றார் அவர். எனக்கோ அதை விட மனமில்லை. போட்டி, பரிசு, குழு எதுவும் நினைவில் இல்லாமல் என் வயிற்றெரிச்சலை அப்படியே அடித்து அனுப்பினேன். கடைசியில், யாருக்காவது வழி தெரியுமா என்று கேட்டிருந்தேன். உண்மையிலேயே எனக்குத் தெரியாமல்தான் கேட்டேன்.

மறுநாள் திறந்து பார்த்தால் பெட்டி நிறையக் கடிதம். துபாயில் நர்ஸாக இருந்த ஒரு அக்கா, கோழிக்கறி கொடுத்துப் பழக்கச் சொல்லி ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார். சென்னையில் இருந்த கான்சாபுரத்துக்காரர், கறி கொடுத்தே நாயைக் கெடுப்பதாக அவரோடு சண்டைக்குப் போனார். அக்கா விடவில்லை. சமாதானம் பண்ண வந்தவர் இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். சென்டரின் தட்டி மறைப்புக்குள் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். அம்புட்டு சந்தோஷம் எனக்கு. கடைசியாக அண்ணாச்சியின் கடிதம் இருந்தது.

“அதுக்குக் காது கேக்காது தாயி. வெள்ளைக் குட்டியில சிலது அப்படிப் பொறக்கும். பின்னால நின்னு தட்டைத் தட்டிப் பாருங்க. திரும்பலேன்னா அது படுத்திருக்க பலகைய மிதிங்க, முழிச்சிரும்.”

வீட்டுக்கு ஓடினேன். குட்டி பலகையில் தூங்கிக்கொண்டிருந்தது. பின்னால் நின்று சில்வர் தட்டைக் கரண்டியால் அடித்தேன். தெருவே எட்டிப் பார்த்தது, குட்டி காதைக்கூட அசைக்கவில்லை. பலகையை லேசாக மிதித்ததும் எழுந்து வாலை ஆட்டியது. கணவர் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். காவலுக்கு ஆகாதுதான், ஆனால் மம்சாபுரம் பேச்சை அவர் அதன்பிறகு எடுக்கவே இல்லை.

இதை எழுதியதும் குழு அமளிதுமளிப்பட்டது. கையைக் காட்டி எப்படிக் கூப்பிடுவது, எப்படி உட்கார வைப்பது என்று ஆளுக்கொரு யோசனை. குட்டிக்குச் சொன்னதோடு நிற்காமல் அவரவர் வீட்டுக் கதையும் வெளியே வந்தது. மாசக் கடைசி வந்து போனதை யாரும் கவனிக்கவில்லை. அண்ணாச்சி நிறைய நாய் வளர்த்தவராக்கும் என்று நினைத்து, எத்தனை குட்டி வளர்த்தீர்கள் என்று கேட்டேன். பதிலை எல்லோருக்குமே போட்டிருந்தார்.

“நாயே வளத்ததில்ல தாயி. மில்லு மிசின் சத்தத்துல எனக்கு ரெண்டு காதும் போயிட்டு. வீட்டுக்குப் போன் போட்டா அவிய என்ன பேசுதாகன்னு எனக்கு வெளங்காது. ஊர்ப் பேச்ச இப்படியாவது கேக்கலாம்னுதான் இத ஆரம்பிச்சேன். இப்பதான் கேக்குது.”

நேரம் முடிந்தது என்று சொல்ல வந்த சென்டர்க்காரரிடம் இன்னும் ஒரு மணி நேரம் போடச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலையில் பஸ்ஸில் கண்டக்டரோடு ஒரு பூக்காரம்மா போட்ட சண்டையை ஒரு வார்த்தை விடாமல் அண்ணாச்சிக்கு அடிக்க ஆரம்பித்தேன்.