எடைத் திரை மட்டும் பாக்கி என்று சொன்ன குமரேசனுக்கு

செத்துப்போன மனுஷனைத் திட்டி வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிட்டேன். சத்தியமாகத் தெரியாது.

"டேய் தம்பி, உன் ஆப் மறுபடியும் படுத்துக்கிச்சு. டிராக்டருங்க ரோடு வரைக்கும் நிக்குது. நீ நல்லா துன்னுட்டு தூங்கிக்கினு கீறியா?" இதுதான் நான் அனுப்பியது.

பதில் அவன் போனிலிருந்தே வந்தது. பேசியது அவன் பெண்டாட்டி. "அக்கா, நான் கோமதி. அவரு விடியக்காலம் போயிட்டாருக்கா. நெஞ்சு வலின்னாரு..."

குமரேசன். நம்ம நகரி ஊர்ப் பையன். திருப்பதியில் ஒரு சின்ன ரூமில் உட்கார்ந்து மொபைல் ஆப் செய்கிறவன். சித்தூரில் நான் வேலை பார்க்கிற மாம்பழக் கூழ் கம்பெனிக்கு டோக்கன் ஆப் செய்து கொடுத்தவன்.

கேட்டில் உட்கார்ந்து லோடு எடை பார்த்து டோக்கன் கொடுப்பது நான். அஞ்சாவதோடு நின்றவள் கையில் ஆப்பைக் கொடுத்தால் என்ன ஆகும்... அதுதான் ஆனது.

எங்கள் கேட்டில் ஒரு பழக்கம். எடை வந்ததும் போனை விவசாயி பக்கம் திருப்பிக் காட்ட வேண்டும். அவர் கண்ணால் பார்க்காமல் டிராக்டர் ஒரு அடி நகராது.

நான் போனைத் திருப்பினால் ஆப் நின்றுவிடும். ஒவ்வொரு முறையும். மறுபடி முதலிலிருந்து எடை. வெயிலில் மாங்காய் கசிய, பின்னால் நிற்கிறவர்கள் தெலுங்கிலும் தமிழிலும் என் வம்சத்தையே விசாரிப்பார்கள்.

"போனைத் திருப்பாதீங்கக்கா" என்றான். "நீ வந்து உட்காரு, திருப்பாம காட்டு, பாக்கறேன்" என்றேன்.

வந்து உட்கார்ந்தான் பாவம். முதல் டிராக்டருக்கே திருப்பினான்.

அப்புறம்தான் விளக்கம் சொன்னான். "போனைத் திருப்பினா பழைய ஸ்க்ரீன் செத்து புது ஸ்க்ரீன் வருதுக்கா. டோக்கன் அடிக்கற பிரிண்டருக்கு நான் அந்தப் பழைய ஸ்க்ரீனோட கான்டெக்ஸ்டை, அதான் அது புடிச்சிக்கினு வேலை செய்யற கைப்பிடியை, குடுத்துட்டேன். அது செத்ததையே புடிச்சிக்கினு தொங்குது."

"அப்போ சாவாததைக் குடு."

"அதான்க்கா. மொத்த ஆப்புக்கும் ஒரு கான்டெக்ஸ்ட் கீது. ஆப் ஓடற வரைக்கும் அது இருக்கும். அதை வெளியில இருந்து நாமளே கையில குடுத்துடணும். பிரிண்டரு போய்த் தேடக் கூடாது. டிபென்டென்சி இன்ஜெக்ஷன்னு பேரு."

"மாப்பிள்ளை குளிக்கப் போனா துண்டை நாமளே எடுத்துக் குடுக்கற மாதிரி?"

"அதேதான்க்கா."

"இதை மொதல்லயே குடுக்கறதுக்கு இன்னா நோவு உனக்கு?"

சிரித்தான். சிரித்துவிட்டு, "சார்ஜர் இருக்காக்கா?" என்றான்.

அவன் சார்ஜரோடு வந்து நான் பார்த்ததே இல்லை. சார்ஜர், குடை, தண்ணி பாட்டில், பஸ்சில் துன்ன பொட்டலம்... எல்லாம் நான் கொடுத்து அனுப்ப வேண்டும்.

"ஆப்புக்கு எல்லாத்தையும் கையில குடுக்கறியே, உனக்கு யார்ரா குடுக்கறது?"

"அதுக்குத்தான் நீங்க கீறீங்களேக்கா."

போன வாரம் போன் செய்தான். மற்றதெல்லாம் மாற்றியாகிவிட்டதாம், எடைத் திரை மட்டும் பாக்கியாம். எனக்கு அந்த எடைத் திரைதானே உயிர். சீசன் நடுவில் இன்னொரு முறை நின்றால் அந்த ஆப்பும் வேண்டாம், கேட்டில் நீயும் வேண்டாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அந்தக் கோபத்தில்தான் அந்த மெசேஜ்.

மாலை வாங்கிக்கொண்டு திருப்பதி போனேன். கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எடைத் திரையை முடிச்சு முந்தா நாளே அனுப்பிட்டாருக்கா" என்றாள். "அக்கா அப்டேட்டை அமுக்க மாட்டாங்க, அதுக்கும் நான்தான் போவணும்னாரு."

கேட் போனை எடுத்துப் பார்த்தேன். அப்டேட் வந்து நின்றுகொண்டிருந்தது. போன அப்டேட்டில் பட்டனை எல்லாம் இடம் மாற்றி வைத்தான், அதனால் இதை நான் தொடவே இல்லை.

திரும்பி வரும் பஸ்சில் அமுக்கினேன்.

இன்று காலை முதல் டிராக்டர். எடை வந்தது. பிரிண்ட் கொடுத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி விவசாயி பக்கம் திருப்பினேன்.

நிற்கவில்லை தம்பி.

போய் வா. போகிற இடத்திலாவது சார்ஜர் கேட்காதே.

விவசாயி எடையைப் பார்த்துத் தலையாட்டினார். கை வழுக்கி, போன் மாங்காய் லோடுக்குள் விழுந்துவிட்டது. பிரிண்டர் டோக்கனை முழுசாக அடித்து முடித்தது. டிராக்டர் உள்ளே போய்விட்டது. லோடு எடை ஏற்கெனவே போட்டாகிவிட்டதால் போனின் எடை கணக்கில் வரவில்லை.